எண்ணெய் பட்ட டிஸ்க்

கடைக்குள் காலை வைத்ததும் முதலில் என் மேல் வந்து விழுந்தது ஒரு டயர். அடுத்து வந்தது ஒரு கெட்ட வார்த்தை. மூன்றாவதாக ஸ்பேனர் கிளம்புவதற்குள் ஊசி மேடம் எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"கூப்பிட்டது நீங்கதானே?" என்றார்.

"ஆமா, கூப்பிட்டேன். காலையிலேயே கூப்பிட்டேன்!" என்று கத்தினாள் மெக்கானிக். "இப்போ மத்தியானம். சாயங்காலம் என்னை ஜீப்ல ஏத்தப் போறானுங்க. டாட்டா காட்டிட்டுப் போகலாம்னு வந்தீங்களா?"

"பஸ் கிடைக்கலைம்மா" என்றேன்.

"யோவ், நீ கண்டக்டர்தானே?"

"முன்னாள்."

உண்மைதான். பஸ் கம்பெனி என்னை வேண்டாம் என்றது, மேடம் வேண்டும் என்றார். காரணம் இன்றுவரை இரண்டு பேருமே சொல்லவில்லை. மேடம் முன்பு நர்ஸாக இருந்தவர். ஊசி என்ற பெயர் ஆஸ்பத்திரியில் ஒட்டியது. வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் குத்துவதை அவர் நிறுத்தவில்லை, இப்போது வாயால் குத்துகிறார்.

வழக்கு இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒருத்தர் சைக்கிளில் மலையிலிருந்து இறங்கினார். பாதி வழியில் ஒரு வளைவு. சைக்கிள் ரோட்டிலேயே கிடந்தது, ஆள் மட்டும் தடுப்புச் சுவரைத் தாண்டிக் கீழே விழுந்தார். இன்னும் கண் திறக்கவில்லை. அவர் சைக்கிளின் முன் பிரேக்கில் எண்ணெய் இருந்தது. அதற்கு முந்தின நாள் அந்த சைக்கிளுக்கு சர்வீஸ் செய்தவள் இந்த மெக்கானிக். அதே நாளில் அவருடைய மச்சினனை, அதாவது அவர் மனைவியின் தம்பியை, இதே கடையிலிருந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளியவளும் இவள்தான். அந்தக் கோபத்தில் வேண்டுமென்றே எண்ணெய் விட்டாள் என்று மனைவி புகார் கொடுத்திருந்தாள். போலீஸுக்கு அது போதும். உண்மையைச் சொன்னால், டயரடி பட்ட எனக்கும் அந்த நிமிஷம் அது போதும் என்றுதான் தோன்றியது.

"எதுக்கு அவனைத் தள்ளினீங்க?" என்று கேட்டார் மேடம்.

"அவன் வண்டி முன் பிரேக் கத்துதுன்னு வந்தான். பேட் மாத்தணும், வண்டியை விட்டுட்டுப் போன்னேன். காலையில அத்தானோட மலைக்குப் போகணும், இப்பவே சரி பண்ணுன்னான். முடியாதுன்னேன். உடனே எனக்கே பாடம் எடுக்க ஆரம்பிச்சான். கதவு கத்தினா வீட்டுல என்ன பண்ணுவாங்கன்னு கேக்குறான். என்கிட்ட! என் கடையில நின்னுக்கிட்டு!"

"அதுக்காகக் கழுத்தைப் பிடிக்கணுமா?" என்றேன்.

"உன்னையும் பிடிக்கவா?"

நான் பம்பு வைத்திருந்த மூலைக்கு நகர்ந்துகொண்டேன்.

மேடம் சுவரில் மாட்டியிருந்த ஒரு சைக்கிளைக் காட்டினார். "எனக்கு இது புரியாது. இந்த பிரேக் எப்படி நிறுத்துது? சுருக்கமா சொல்லுங்க."

மெக்கானிக் என்னைப் பார்த்த அதே வெறுப்போடு சைக்கிளையும் பார்த்தாள். "சக்கரத்து நடுவுல ஓட்டை ஓட்டையா வட்டத் தகடு தெரியுதா? அது டிஸ்க். சக்கரத்தோட சுத்தும். இந்த ரெண்டு பக்கமும் இருக்கிறது பேட். சக்கரத்தைத் தாங்குற ஃபோர்க்குல உட்கார்ந்திருக்கும். ஹேண்டில்ல இருக்கிற லீவரைப் பிடிச்சா பேட் வந்து டிஸ்க்கைக் கவ்வும், வண்டி நிக்கும். இறக்கத்துல பிடிச்சுக்கிட்டே வந்தா டிஸ்க் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்கும். தொட்டா தோல் போயிடும்."

"எண்ணெய் பட்டா?"

"வழுக்கும். டிஸ்க்ல பட்டா துடைச்சிடலாம். பேட்ல பட்டா குடிச்சிடும். குடிச்ச பேட் குப்பைக்குத்தான். இதெல்லாம் தெரிஞ்ச நானா எண்ணெய் விடுவேன்? ஒருத்தனைக் கொல்லணும்னா நேரா மண்டையில போடுவேன்."

"இதைப் போலீஸ்ல சொல்லிடாதீங்க" என்றேன்.

"சொல்லிட்டேன்யா" என்றாள்.

*

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் உடைந்த நாற்காலிகளோடு அந்த சைக்கிளையும் சாத்தி வைத்திருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததுமே அவர் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"பார்த்துட்டுக் கிளம்புங்க. எண்ணெய் இருக்கு, அவ சர்வீஸ் பண்ணியிருக்கா, சண்டை போட்டிருக்கா. இதுக்கு மேல என்ன இருக்கு?"

"பிரேக்கைப் பிடிச்சுப் பார்த்தீங்களா சார்?" என்றார் மேடம்.

"எதுக்கு? டிஸ்க்கை விரலால தொட்டேன். கறுப்பா எண்ணெய் வந்துச்சு. அப்படியே பூட்டி வச்சுட்டேன்."

"ரொம்ப நல்லது. உங்க சோம்பலுக்கு நன்றி."

சப்-இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தது எனக்கே கேட்டது.

நான் உதவி செய்வதாக நினைத்து ஹேண்டிலை நோக்கிக் கையை நீட்டினேன். மேடம் பட்டென்று என் கையில் ஒன்று வைத்தார். "லீவரைத் தொட்டா உன்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்."

சைக்கிளின் பின் சக்கரம் நெளிந்து கிடந்தது. முன் சக்கரம் நன்றாகவே இருந்தது. மேடம் முன் அச்சைச் சுழற்றி உருவி, சக்கரத்தைக் கழற்றினார். பிறகு பையிலிருந்து பஞ்சை எடுத்து டிஸ்க்கைத் துடைத்தார். பஞ்சு கறுத்தது, மினுமினுத்தது. புதுப் பஞ்சு எடுத்து, இடுக்கில் விரலை விட்டு இரண்டு பேடையும் அழுத்தித் துடைத்தார். வெளிச்சத்தில் நீட்டினார். சாம்பல் நிறத்தில் உலர்ந்த தூசி, அவ்வளவுதான். அந்தப் பஞ்சை என் சட்டைக் காலரில் தேய்த்தும் பார்த்தார். எண்ணெயின் அடையாளமே இல்லை.

"கைக்குட்டைன்னு ஒண்ணு இருக்கு மேடம்" என்றேன்.

"உன் காலர் ஏற்கெனவே அழுக்கு." அவர் விசிட்டிங் கார்டை இரண்டாக மடித்து பேடுகளுக்கு நடுவில் செருகினார். "சக்கரம் இல்லாதப்போ யாராவது லீவரைப் பிடிச்சா ரெண்டும் ஒட்டிக்கும், அப்புறம் சக்கரம் உள்ளே போகாதுன்னு மெக்கானிக் சொன்னா. இங்கே கை சும்மா இருக்காத ஆளுங்க நிறைய." அப்படிச் சொல்லும்போது பார்த்தது சப்-இன்ஸ்பெக்டரை இல்லை, என்னை.

"என்ன கண்டுபிடிச்சீங்க?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர், கொட்டாவியோடு.

"டிஸ்க் முழுக்க எண்ணெய். பேட் காய்ஞ்சு கிடக்கு. எண்ணெயோட ஒரு தடவை பிரேக் பிடிச்சிருந்தாலும் பேட் குடிச்சிருக்கும் சார். அவர் மலை உச்சியிலிருந்து பிரேக்கே பிடிக்காமலா இறங்கினார்?"

"அப்படின்னா?"

"விழுந்ததுக்கு அப்புறம்தான் இந்த டிஸ்க்ல எண்ணெய் வந்திருக்கு. அந்த நேரத்துல மெக்கானிக் கடையில இருந்தா. கூட மலையில இருந்தது மச்சினன் ஒருத்தன்தான்."

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை. "அவன்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவன். அழுது அழுது முகம் வீங்கிக் கிடக்கான். எண்ணெய் பாட்டிலைக் கொண்டு வாங்க, நம்புறேன். இல்லைன்னா சாயங்காலம் ஜீப் கிளம்பும்."

*

விழுந்தவர் வீட்டுக் கதவு எங்களுக்காக அரை ஜாண்தான் திறந்தது.

"வெளியே போங்க" என்றாள் மனைவி.

"இன்னும் உள்ளேயே வரலைங்க" என்றேன்.

அவள் கண்கள் சிவந்திருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து துணி மாற்ற வந்திருக்கிறாள் போல. கையில் ஒரு பை, பைக்கு வெளியே தொங்கும் துண்டு. மேடம் கதவிடுக்கில் காலை வைத்துக்கொண்டார். நர்ஸ் வேலையில் கற்றது எது, துப்பறியும் வேலையில் கற்றது எது என்று அவரிடம் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

"அஞ்சு கேள்வி. உங்க தம்பிகிட்ட."

"என் தம்பியையா சந்தேகப்படுறீங்க? அவன் இல்லேன்னா அவர் அங்கேயே செத்திருப்பார்! அந்தப் பொம்பளை கொடுத்த காசுக்கு எங்க வீட்டு வாசல்ல வந்து குலைக்கிறீங்களா?"

"குலைக்கிறது இவன்தான். நான் கேள்வி மட்டும்தான் கேட்பேன்" என்றார் மேடம்.

தம்பி உள்ளேயிருந்து வந்து, கதவைத் திறந்து எங்களைக் கூடத்துக்குள் விட்டான். நல்ல உயரம், பணிவான குரல். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவன்தான் கண்டக்டருக்கு முதலில் வணக்கம் வைப்பான். இவன் எனக்கு வணக்கம் வைத்தான். இடது கையில் கட்டுப் போட்டிருந்தான்.

"கையில என்ன?"

"இஸ்திரிப் பெட்டி சுட்டுடுச்சு மேடம்."

"நான்தான் மருந்து போட்டேன். அதுவும் குத்தமா?" என்றாள் அக்கா.

"நீ மலையில எங்கே இருந்தே?"

"ரொம்பப் பின்னாடி. நான் வளைவுக்கு வர்றதுக்குள்ள அத்தான் கீழ கிடந்தார். ஓடி இறங்கினேன், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அதுலயே நானும் போயிட்டேன். அத்தான் வண்டியைப் போலீஸ் எடுத்துச்சு. என் வண்டியை ஃப்ரெண்டு வேன்ல கொண்டு வந்து ஷெட்ல போட்டான். அதுக்கப்புறம் நான் அதைத் தொடவே இல்லை. மனசு வரலை."

"அன்னைக்கு எண்ணெய் பாட்டில் கொண்டு போனியா?"

அவன் உள்ளே போய், சீட்டுக்குக் கீழே கட்டும் பையை எடுத்து வந்து மேஜையில் கொட்டினான். ஒரு டியூப், சின்ன பம்பு, டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, ஒரு மிட்டாய் காகிதம். அவ்வளவுதான். மேடம் பையை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"தேடுங்க, நல்லாத் தேடுங்க!" என்றாள் மனைவி. "சமையலறையிலும் பாருங்க. பீரோவைத் திறக்கவா?"

"நடு மலையில நான் எண்ணெய்க்கு எங்கே மேடம் போவேன்?" என்று தம்பி கேட்டான். குரலில் பணிவு குறையவில்லை, உதட்டு ஓரத்தில் மட்டும் ஏதோ லேசாக அசைந்தது. எனக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. ஆனால் கேள்வி நியாயமான கேள்வி.

மேடம் அந்தக் காலிப் பையை இன்னொரு தடவை உதறிப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஜீப் கிளம்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுதா? வெளியே போங்க. முன் வாசல்ல அக்கம்பக்கம் நின்னு வேடிக்கை பார்க்குது. ஷெட் வழியா போங்க."

ஷெட் என்பது கார் நிற்கும் குறுகலான இடம், தெருவை நோக்கிச் சரிந்த தரை. சுவரில் இரண்டு கொக்கிகள். இரண்டுமே காலி. தம்பியின் சைக்கிள் வழியை அடைத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றது. ஸ்டேஷனில் பார்த்ததன் அச்சு அசல். அதே கறுப்பு, அதே அளவு.

"ரெண்டும் ஒண்ணா வாங்கினதா?" என்றார் மேடம், நடந்துகொண்டே.

"நான்தான் வாங்கிக் கொடுத்தேன். புருஷனுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு. எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். நடங்க."

வழிவிடுவதற்காக நான் அந்த சைக்கிளை நகர்த்தினேன். ஒரு கை சீட்டில், இன்னொரு கை ஹேண்டிலில். சரிவில் அது தானாக உருள ஆரம்பித்தது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். நிற்கவில்லை. இன்னும் இறுக்கினேன். என்னையும் இழுத்துக்கொண்டு போய் இரும்புக் கதவில் மோதியது. மிதிகட்டை என் முழங்காலுக்குக் கீழே, சரியாக எலும்பில் இறங்கியது. சொல்லக் கூடாத வார்த்தையை நான் சொன்னேன்.

"ஏன் மேடம், இந்த வீட்டுல எந்த வண்டிக்குமே பிரேக் கிடையாதா?"

மேடம் சட்டென்று திரும்பினார்.

"எந்த பிரேக்கைப் பிடிச்சே?"

"இந்தக் கையில இருக்கிறதை. என் கால் போச்சு..."

"உன் காலைத் தூக்கி அந்தப் பக்கம் வை." அவர் லீவரிலிருந்து போன பிரேக் குழாயைக் கண்ணால் தொடர்ந்தார். அது முன் சக்கரத்துக்குப் போனது. குனிந்து டிஸ்க்கைப் பார்த்தார். பளிச்சென்ற டிஸ்க். நான் உருட்டிக்கொண்டு போன இடத்தில் மட்டும் புதிதாக ஒரு எண்ணெய்க் கோடு.

தம்பி ஒரு அடி முன்னால் வந்தான். "மேடம், அது பழைய பேட். மாத்தணும்..."

மேடம் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. சக்கரத்தைக் கழற்றினார், பஞ்சால் பேடைத் துடைத்தார். பஞ்சு கறுப்பாக, சொதசொதவென்று வந்தது. அதை அப்படியே என் காலரில் துடைத்தார். இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை.

"நான் முட்டாள்" என்றார் மேடம். "மலையில எண்ணெய் ஊத்தினவனைத் தேடினேன். மலையில யாரும் ஊத்தலை." பிறகு மனைவியிடம் திரும்பினார். "உங்க வீட்டுல கதவு கிரீச்சுன்னு கத்தினா என்ன பண்ணுவீங்க?"

"என்ன கேள்வி இது? ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன்."

"சனிக்கிழமை உங்க தம்பி வண்டி கத்துச்சு. மெக்கானிக் சரி பண்ணித் தர மாட்டேன்னுட்டா. அவகிட்டயே இதே கேள்வியைக் கேட்டிருக்கான்."

மனைவி வாயைத் திறந்தாள். கோபமாக ஏதோ சொல்ல வந்தவள் தம்பியைப் பார்த்தாள். கையிலிருந்த பை மெதுவாகக் கீழே இறங்கியது.

"தையல் மெஷின் எண்ணெய் கேட்டியேடா" என்றாள். "நான்தானே எடுத்துக் கொடுத்தேன்."

தம்பி சைக்கிளை விட்டு ஒரு அடி பின்னால் போனான்.

"சத்தம் நின்னிருக்கும்" என்றார் மேடம். "பிரேக்கும் நின்னுடுச்சு. காலையிலதான் உனக்கே அது தெரிஞ்சிருக்கும், இல்லையா? பின் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினே. அது மெதுவாக்கும், சட்டுனு நிறுத்தாது. ஆனாலும் அத்தான் முதுகை ஒட்டியே வந்தே. வளைவுல அவர் பிரேக் பிடிச்சார். நல்லா சர்வீஸ் பண்ணின பிரேக், பிடிச்ச இடத்துல நின்னுச்சு. நீ நிக்கலை. அவரோட பின் சக்கரம் நெளிஞ்சது கீழே விழுந்ததால இல்லை, நீ இடிச்சதால."

"இல்லைக்கா. இவங்க சும்மா..."

"உன் டிஸ்க்ல எண்ணெய் இருந்தா குத்தம் உன்னுது. அவர் டிஸ்க்ல இருந்தா குத்தம் மெக்கானிக்குது. ரெண்டு வண்டியும் ஒண்ணு. முன் சக்கரம் ரெண்டையும் கழட்டி, இடம் மாத்தி மாட்டிட்டே. சக்கரத்தோட டிஸ்க் வந்துடும் தம்பி. பேட் வராது. அது ஃபோர்க்லயே உட்கார்ந்திருக்கும். எண்ணெய் பட்ட டிஸ்க் அங்கே போச்சு, எண்ணெய் குடிச்ச பேட் இங்கேயே தங்கிடுச்சு."

"எல்லாம் கதைக்கா! வேன்ல வரும்போது ஏதாவது பட்டிருக்கும்!" பணிவெல்லாம் போய், குரல் கிரீச்சிட்டது. அந்தக் குரலுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் தேவைப்பட்டது.

"சரி, வேன்ல பட்டுச்சு. அப்போ அந்தக் கட்டைப் பிரி."

அவன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"இஸ்திரிப் பெட்டி சுட்டா ஒரே பரப்பா சுடும்" என்றார் மேடம். "நான் நூறு பேருக்குக் கட்டுப் போட்டிருக்கேன். டிஸ்க் அப்படிச் சுடாது, அதுல ஓட்டை இருக்கு. மலை முழுக்க பிரேக் பிடிச்சுக்கிட்டு வந்த டிஸ்க்கை, ஆறுறதுக்குள்ள அவசரமா நீ கையில பிடிச்சே. வேலை செய்யாத பிரேக் சுடாதுப்பா. அத்தானோட பிரேக் கடைசி வரைக்கும் வேலை செஞ்சதுன்னு உன் உள்ளங்கையிலேயே அச்சுக் குத்தி வச்சிருக்கே."

நான் நொண்டிக்கொண்டே போய் அவனுக்கும் தெருவுக்கும் நடுவில் நின்றேன். கம்பி நீட்டப் பார்க்கிறவனை எனக்கு இருபது வருஷப் பழக்கம். ஆனால் அவன் ஓடவில்லை. அக்கா வந்து அவன் கையைப் பிடித்திருந்தாள்.

கட்டை அவளே பிரித்தாள். அவளே போட்ட முடிச்சு, அவளே அவிழ்த்தாள். சுற்றுச் சுற்றாகத் துணி கீழே விழுந்தது. சிவந்த வளைவான சூட்டுக் காயம், அதன் நடுவே வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள், அங்கே மட்டும் தோல் சுடாமல் இருந்தது. இரண்டு நாளாக அவள் மருந்து தடவிய கை. அழுகையிலும் அவசரத்திலும் அதை அவள் சரியாகப் பார்த்திருக்கவில்லை. இப்போது பார்த்தாள்.

"அவர் கீழ கிடந்தாரு" என்றாள் மெதுவாக. "நீ மேல ரோட்டுல உட்கார்ந்து சக்கரம் கழட்டிக்கிட்டு இருந்தியா?"

அவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

"கழட்டி, மாட்டி, அப்புறம்தான் போன் பண்ணினியா?"

"மூச்சு இருந்துச்சுக்கா" என்றான் அவன். அழுதான், இந்தத் தடவை உண்மையாகவே அழுதான் என்று நினைக்கிறேன். "சுவத்துல எட்டிப் பார்த்துட்டேன்க்கா. மூச்சு இருக்குன்னு பார்த்துட்டுத்தான் கழட்டினேன்."

இந்தத் தொழிலில் பொய்யைக் கேட்டு எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. அவன் சொன்ன முதல் உண்மைக்குத்தான் வந்தது. மேடம்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மனைவி போனை எடுத்தாள். குரல் தெளிவாக இருந்தது. "சப்-இன்ஸ்பெக்டர் சாரா? அந்த சைக்கிள் கடைப் பொம்பளையை விட்டுடுங்க. நான் கொடுத்த புகார் தப்பு. ஜீப்பை எங்க வீட்டுக்கு அனுப்புங்க." வைத்துவிட்டாள்.

"அக்கா" என்று அவன் ஒரு அடி எடுத்து வைத்தான்.

"வெளியே போ."

பழக்க தோஷம், நான் வாசலைப் பார்த்துத் திரும்பினேன்.

"உங்களை இல்லை" என்றாள்.